திறவாத சிப்பி: தம்பலகாமத்திலும் மன்னாரிலும் மூடிய பொருளை மதிப்பிட்ட முறை

மூடிய நிலையிலேயே விலை பேசப்பட்டு, மூடிய நிலையிலேயே கைமாறும் பொருள்கள் வாணிக வரலாற்றில் தனி வகையாக எண்ணத்தக்கவை. நெல்லை அளந்து பார்க்கலாம். துணியை விரித்துப் பார்க்கலாம். பொன்னைக் கல்லில் உரைத்துப் பார்க்கலாம். மூடிய பொருளில் வாங்குபவர் காண்பது புறத்தை மட்டுமே. அவர் பணம் கொடுப்பதோ அகத்துக்கு. அதைத் திறந்துவிட்டால் ஐயம் தீரும், ஆனால் அதோடு சேர்ந்து அந்தப் பொருளின் விலையும் தீர்ந்துபோகும். ஆகவே இத்தகைய பொருளைப் பொறுத்தவரை, 'இது உண்மையிலேயே திறக்கப்படாததுதானா' என்ற கேள்வியே மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. இலங்கையின் முத்துக்குளிப்பு இந்தக் கேள்விக்கு விடை காண நெடுங்காலம் முயன்ற தொழில். அதன் புகழ்பெற்ற களம் மேற்குக் கரையில் மன்னார்க் கடலாயினும், கிழக்குக் கரையில் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தம்பலகாமத்துக் குடாவிலும் அதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. இவ்விரு களங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மூடிய பொருளின் நம்பகம் எவற்றின் மேல் நிற்கிறது என்பது தெளிவாகிறது.

குடாவும் அதன் சிப்பியும்

திருகோணமலையின் உள்துறைமுகத்துக்குத் தென்மேற்கே, கிண்ணியாவுக்கருகே குறுகிய வாய் வழியாகக் கொட்டியாரக் குடாவோடு நீர் பரிமாறிக்கொள்ளும் ஆழமற்ற நீர்ப்பரப்பே தம்பலகாமத்துக் குடா. பிரித்தானியர் கால ஏடுகள் இதை ஏரி என்றே குறிப்பிடுகின்றன; கரைகள் சூழ்ந்து, அலை அடங்கி, சேறு படிந்த அதன் தோற்றம் அந்தப் பெயருக்கு இடம் தருகிறது. ஒருபுறம் கடல்நீர் ஏறுகிறது. மறுபுறம் கந்தளாய்ப் பகுதியிலிருந்து வரும் நன்னீரும், தம்பலகாமத்து வயல்களின் வடிநீரும் வாடைக்காற்று மழைக்காலத்தில் இறங்குகின்றன. உப்பும் நன்னீரும் கலந்த இந்த உவர்நீரில், சேற்றின் மேல் படுத்த நிலையில் வாழ்வது பிளாகுனா பிளாசென்டா என்று விலங்கியலார் பெயரிட்ட தட்டையான சிப்பி. கிழக்கு மாகாணத்தில் இதற்கு வழங்கிய பெயர் முத்துச்சிப்பி என்பதே.

மன்னார்ச் சிப்பியும் தம்பலகாமத்துச் சிப்பியும் பெயரளவில் ஒன்றுபட்டாலும் உடலமைப்பிலும் வாழ்முறையிலும் வேறானவை. மன்னார்ச் சிப்பி, கடலடியிலுள்ள பாறைத்திட்டுகளான பார்களில், தன் உடலிலிருந்து சுரக்கும் நார்களால் தன்னைக் கட்டிக்கொண்டு வாழ்வது. கனத்த ஓடும் உட்புறத்தில் ஒளிரும் முத்துப்பூச்சும் உடையது. தம்பலகாமத்துச் சிப்பியின் ஓடோ வட்டமாகவும் மெல்லியதாகவும் ஒளி ஊடுருவக்கூடியதாகவும் இருப்பது; பிலிப்பைன்ஸிலும் கோவாவிலும் கண்ணாடி அரிதாயிருந்த காலத்தில் இதைச் சதுரமாக நறுக்கிச் சன்னல் சட்டங்களில் பதித்தார்கள். இதன் முத்து சிறியது, மங்கலான ஒளியுடையது, பெரும்பாலும் பொடிமுத்து எனத்தக்க அளவினது. ஆகவே இது மாலையில் கோக்கப்படுவதற்கு முன்பே வேறு பயன்களுக்குப் போனது. இந்தியக் கரைக்கு ஏற்றுமதியான இந்த முத்தைச் சுட்டு நீறாக்கி, செல்வர்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் பயன்படுத்தினர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம் செய்வதற்கும் இத்தகைய சிறுமுத்துகளே ஏற்றவை.

இந்தக் குடாவை அறிவியல் நோக்கில் ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் எட்வர்டு பிரெடெரிக் கெலார்ட். 1819-இல் இலங்கையில் பிறந்து, படை மருத்துவராகப் பணியாற்றி, 1852-இல் இலங்கை விலங்குகள் பற்றிய நூலொன்றை வெளியிட்ட இவர், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அரசின் பொறுப்பில் முத்துச் சிப்பிகளை ஆராய்ந்தார். திருகோணமலையில் அவர் நடத்திய பரிசோதனைகளில், மன்னார்ச் சிப்பி தன்னைப் பிணைத்துள்ள நாரை அறுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து புதிய நாரைச் சுரக்க வல்லது என்று கண்டறிந்தார். சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஊம்பெர்ட்டும் அவரும், சிப்பிக்குள் குடியேறும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்துத் தோன்றுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதினர். கெலார்ட் 1860-இல் மறைந்தார். அடுத்த அரை நூற்றாண்டில், 1902 முதல் மன்னார்ப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மனும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெலும் அந்தக் கருத்தையே விரித்து முன்வைத்தனர்; ஹோர்னெல் தம்பலகாமத்துச் சிப்பி பற்றியும் தனியே அறிக்கை எழுதினார். கொழும்பு அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த ஆர்தர் வில்லி 1907-இல் கிழக்கு மாகாணக் களப்புகளின் முத்துச்சிப்பி பற்றி எழுதிய அறிக்கையும் இந்த வரிசையில் சேர்வதே.

மன்னாரின் கொட்டு

தம்பலகாமத்தில் நடந்ததை அளந்தறிய மன்னார் முறையே அளவுகோலாகிறது. முத்துக்குளிப்பைத் தமிழர் சலாபம் என்றும் வழங்கினர். சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் சலாபம் நடக்கும் ஆண்டுகளில், கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஓலைக் கொட்டில்களால் ஆன ஒரு நகரமே எழுந்து, பருவம் முடிந்ததும் கலைந்துபோகும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரர்கள் வருவார்கள். தமிழகத்துச் செட்டிமாரும் கீழக்கரை வணிகரும் பம்பாய் வணிகரும் வாங்க வருவார்கள். குளிகாரர் கல்லைக் காலில் கட்டி இறங்கி, மூச்சடக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பியை வலைக்கூடையில் இட்டு மேலேற, நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்ததும் படகுகள் கரை திரும்பும்.

கரை சேர்ந்த சிப்பி நேரே கொட்டு எனப்பட்ட அரசுக் களத்துக்குள் போகும். கம்புகளும் பனையோலையும் கொண்டு அடைக்கப்பட்டு, உள்ளே சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டு, வாயிலில் காவல் நின்ற இடம் அது. அங்கே குளிகாரர்கள் தம் படகின் சிப்பியைத் தாமே மூன்று சமக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றில் எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி சுட்டிக்காட்டுவார். எஞ்சிய ஒன்று குளிகாரருடையது. பிரிப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்ந்தெடுப்பவர் பிரிப்பதில்லை என்ற இந்த ஒழுங்கு, எழுத்தும் கணக்கும் தேவைப்படாத எளிய பாதுகாப்பு. நல்லதை ஒரு குவியலில் ஒதுக்கும் எண்ணம் எழுந்தாலும் அது தமக்கே வரும் என்ற உறுதி பிரிப்பவருக்குக் கிடையாது. முற்காலத்தில் குளிகாரர் பங்கு நான்கில் ஒன்றாக இருந்து, பின்னர் மூன்றில் ஒன்றாக உயர்ந்தது.

அரசின் குவியல்கள் அன்று மாலையே ஏலத்துக்கு வரும். ஏலம் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்ற கணக்கில் நடக்கும். உயர்ந்த விலை கேட்டவர் அந்த விலைக்குத் தமக்கு வேண்டிய ஆயிரங்களை எடுத்துக்கொண்ட பின் எஞ்சியது மறுபடி ஏலத்துக்கு வரும். குளிகாரரின் பங்கோ கொட்டின் வாயிலுக்கு வெளியே சில்லறையாக விற்கப்படும். முதலில்லாதவர்கள் ஒன்றிரண்டு சிப்பிகளைச் சில காசுக்கு வாங்கி அங்கேயே உடைத்துப் பார்த்துத் தம் நல்லூழைச் சோதித்துக்கொண்டார்கள். பெருவணிகர் வாங்கிய ஆயிரங்களோடு ஒப்பிடுகையில் இது சிறிதெனினும், சூதின் இயல்பு இரண்டிலும் ஒன்றே.

மூடிய ஓட்டின் சான்று

சிப்பியின் மூடி எதனால் மூடியிருக்கிறது என்பதை அறியாமல், அது திறக்கப்பட்டதா என்பதை அறிய முடியாது. இரு ஓடுகளும் பின்புறத்தில் மீள்தன்மையுள்ள ஒரு தசைநாரால் பிணைக்கப்பட்டுள்ளன. அது ஓடுகளை எப்போதும் திறக்கவே முயல்கிறது. அதற்கு எதிராக உள்ளே இழுத்து மூடுவது உயிருள்ள தசை. சிப்பி உயிரோடு இருக்கும்வரை அந்தத் தசை இறுக்கும், இறந்தால் தளரும், தளர்ந்தால் ஓடு தானே வாய்திறக்கும். கத்தியால் தசையை அறுத்தாலும் அதே விளைவு. அறுந்த பின் எவராலும் அந்த ஓட்டை முன்போல் இறுகச் செய்ய இயலாது. மனிதன் இடும் அரக்கு முத்திரையை இளக்கி மறுபடி ஒட்டலாம். இந்த முத்திரையைப் போலியாக இடமுடியாது. இறுக மூடிய சிப்பி தன் உள்ளிருப்புக்குத் தானே சாட்சி என்ற நம்பிக்கை இதன் மேல்தான் கட்டப்பட்டிருந்தது.

ஆயினும் அந்தச் சாட்சிக்கு ஓர் ஓட்டை உண்டு. நீரை விட்டு வெளியே வெயிலில் கிடக்கும் சிப்பி சில மணி நேரத்தில் களைத்து, இறக்கும் முன்பே சற்று வாய்பிளக்கும்; அந்த நேரத்தில் ஓடுகளுக்கிடையே ஒரு குச்சியைச் செருகிச் சதையில் ஒட்டாமல் கிடக்கும் முத்தை விரலால் நெகிழ்த்தி எடுத்துவிடலாம். சிப்பி உயிரோடிருந்தால் குச்சியை எடுத்ததும் மூடிக்கொள்ளும். பாரிலிருந்து கரை வரையிலான பல மணிநேரப் பயணமே இந்தக் களவுக்கு வாய்ப்பான நேரம். 1797-ஆம் ஆண்டுச் சலாபத்தைக் கண்டு எழுதிய லெ பெக் முதல், 1807-இல் இலங்கை வருணனை நூலை வெளியிட்ட கார்டினர் வரை, முத்துக்குளிப்பை விவரித்தவர்கள் களவையும் அதற்கெதிரான காவலையும் சேர்த்தே விவரிக்கின்றனர். முத்தை விழுங்கிவிட்டவர் என்ற ஐயத்துக்கு உள்ளானவருக்கு வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுத்தார்கள் என்ற செய்தியும் அந்தக் காலக் குறிப்புகளில் உண்டு.

இதனால் கொட்டின் விதிகள் அனைத்தும் காலத்தைச் சுருக்குவதையே நோக்கமாகக் கொண்டிருந்தன என்று கூறலாம். படகு கரை தொட்டதும் சிப்பி வேறெங்கும் போகாமல் கொட்டுக்குள் போவதும், அன்றே எண்ணப்படுவதும், அன்றே ஏலம் போவதும், பிளந்த ஓடு பெருகும் முன் அது வாங்கியவர் பொறுப்புக்கு மாறுவதற்கான ஏற்பாடே. சிப்பி எவர் கண்ணெதிரில், எத்தனை மணிநேரம் இருந்தது என்பதற்குத் தொடர்ச்சியான சாட்சி இருந்தால்தான் மூடிய ஓடு சொல்லும் சான்று செல்லும். இடையில் ஒரு கண்ணி அறுந்தால், ஓடு எவ்வளவு இறுகியிருந்தாலும் ஐயம் நுழைந்துவிடும்.

வாங்கியவரின் களத்திலும் காவல் தொடர்ந்தது, இப்போது அவர் செலவில். சிப்பிகள் பழைய வள்ளங்களிலும் தொட்டிகளிலும் ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிடப்பட்டு, ஈப்புழுக்கள் சதையைத் தின்ற பின், கடல்நீர் ஊற்றிக் கழுவப்பட்டன. கழுவுவோர் வரிசையாக உட்கார்ந்து, ஓட்டை எறிய அன்றி வேறெதற்கும் கையை நீரிலிருந்து எடுக்கக்கூடாது என்ற கட்டளைக்கு உட்பட்டிருந்தனர்; மேற்பார்வையாளர்கள் எதிரே நின்று கண்காணித்தனர். கடைசியில் எஞ்சிய மணலும் துணியில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் சலித்துத் தேடப்பட்டது.

மாதிரியும் சல்லடையும்

மூடிய பொருளுக்கு நியாயமான விலை நிர்ணயிக்க மனிதர் கண்ட வழி, அதே குவியலில் சிலவற்றைத் திறந்து பார்ப்பது. சலாபத்துக்கு முந்தைய மழைக்காலத் தொடக்கத்தில் பார்கள் ஆராயப்பட்டு, சில ஆயிரம் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசின் செலவில் அழுகவைத்துக் கழுவப்படும். அவற்றின் முத்தை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்கள் தரம் பிரித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு பெறும் என்று கணிப்பார்கள். சிப்பி நான்கைந்து வயது நிறைந்து முதிர்ந்ததா, இன்னும் ஓராண்டு விட வேண்டியதா என்பதும் அப்போதே தீர்மானிக்கப்படும். இந்த மாதிரி மதிப்பு வெளியிடப்பட்ட பின்னரே வணிகர்கள் தூரதேசங்களிலிருந்து புறப்பட்டனர். ஏலத்தில் கேட்கும் விலை இதைச் சுற்றியே ஏறி இறங்கியது.

முத்தைத் தரம் பிரிக்க, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கத்தக்க பித்தளைச் சல்லடைகள் பயன்பட்டன. 20 துளையுள்ளது முதல் 1000 துளையுள்ளது வரை, துளை எண்ணிக்கை கூடக்கூட அளவு குறைவதாக அவை அமைந்திருந்தன. துளையால் பிரித்த முத்தை அதன் உருட்சி, ஒளி, குற்றம் ஆகியவற்றால் மறுபடி பிரித்து, மஞ்சாடியாலும் கழஞ்சாலும் நிறுத்தனர். குறையற்ற உருட்சியும் ஒளியும் உடையது ஆணி; அதிலிருந்து படிப்படியாகத் தட்டையானவை, இரட்டையானவை, கரடானவை என இறங்கிக் கடைசியில் தூளில் முடிவது அந்த வரிசை. இந்த நுட்பம் தமிழரிடம் நெடுநாள் நிலவியது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை மணி வணிகர் வீதியில் முத்தின் குற்றங்களைக் காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் வந்தவை எனப் பகுத்துணர்ந்ததைச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் வகைகளைப் பிரித்து எழுதுகின்றன. அதே சோழர் ஆட்சி திருகோணமலைப் பகுதியிலும் கந்தளாயிலும் தன் கல்வெட்டுகளை விட்டுச் சென்றது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

திறந்த முத்தைப் பற்றிய இத்தனை சொற்களும் திறவாத சிப்பிக்கு உதவுவது மாதிரி வழியாக மட்டுமே. மாதிரி சராசரியைச் சொல்லும். ஏலத்தில் எடுத்த குறிப்பிட்ட ஆயிரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்த இடைவெளியில்தான் வணிகரின் ஆதாயமும் நட்டமும் இருந்தன. அந்த இடைவெளி நியாயமானதாக ஏற்கப்பட்டதற்குக் காரணம், விற்ற அரசும் வாங்கிய வணிகரும் உள்ளிருப்பைப் பற்றி ஒரே அளவில் அறியாதவர்களாக இருந்ததே. அறியாமை இரு தரப்புக்கும் பொதுவாயிருக்கும்வரை அது சூது. ஒருவர் மட்டும் அறிந்துவிட்டால் அது ஏமாற்று.

மூடிய குடா

தம்பலகாமத்தில் கொட்டு இல்லை, மாலை ஏலமும் இல்லை. அரசு நேரடியாக நடத்தும் முறைக்கு அமானி என்றும், உரிமையை ஒருவருக்கு ஒட்டுமொத்தமாக விட்டுவிடும் முறைக்குக் குத்தகை என்றும் பெயர். மன்னாரில் இரு முறைகளும் காலத்துக்குக் காலம் மாறிவந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமானியே நிலைபெற்றது. தம்பலகாமத்துக் குடாவோ குத்தகைக்கே விடப்பட்டது. மன்னாரில் வணிகர் வாங்கிய மூடிய பொருள் ஆயிரம் சிப்பி; தம்பலகாமத்தில் குத்தகைக்காரர் வாங்கிய மூடிய பொருள் ஒரு குடா முழுவதும். சேற்றில் எத்தனை சிப்பி படுத்திருக்கிறது, அவற்றின் வயதென்ன, அடுத்த மழையில் நன்னீர் எவ்வளவு இறங்கும் என்பவை எல்லாம் ஏலம் கேட்கும் நேரத்தில் நீருக்கடியில் மறைந்தே இருந்தன.

இதனால் களவைப் பற்றிய கவலை இடம் மாறியது. சிப்பி அனைத்தும் குத்தகைக்காரருடையதே என்பதால் அரசுக்கும் வாங்குபவருக்கும் இடையே பங்குப் பிரிவினை இல்லை. தம் ஆட்களைக் கண்காணிப்பது குத்தகைக்காரரின் சொந்தப் பொறுப்பு. அரசு பெற வேண்டியது குத்தகைப் பணம் மட்டுமே. அது கைக்கு வந்த பின், ஒரு சிப்பி திறக்கப்பட்டதா, எந்த வயதில் திறக்கப்பட்டது என்று கேட்பதற்கு அரசுக்குக் காரணம் இல்லாமற்போனது. மன்னாரில் மாதிரி எடுத்தவர் கட்டாயமாகப் பார்த்த முதிர்ச்சியை, இங்கே காலக்கெடுவுக்குள் முதலை மீட்க வேண்டியவரின் தயவுக்கு விட்டார்கள். எமர்சன் டென்னன்ட் இலங்கை பற்றிய தம் நூலில் எழுதியபடி, 1858-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மட்டும் குத்தகைக்காரர் எடுத்த சிப்பி ஒரு கோடியே எண்பது லட்சத்துக்குக் குறையாது.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இயற்கையின் கையும் இருந்தது. உவர்நீரை விரும்பும் இந்தச் சிப்பிக்கு உப்பு மிகுந்தாலும் கேடு, நன்னீர் மிகுந்தாலும் கேடு. இரண்டில் எதுவானாலும் பெருந்தொகையாக மடிந்த நிகழ்வுகளை டென்னன்டே குறிப்பிடுகிறார். மன்னார்ச் சிப்பி திறந்தகடலில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியது, நீரோட்டத்துக்கும் திருக்கை மீனுக்கும் தப்பவில்லை. தம்பலகாமத்துச் சிப்பி குறுகிய வாயுள்ள குடாவில் இருந்ததால் பருவமழையின் ஒவ்வொரு மாறுபாட்டையும் உடலில் தாங்கியது. ஆகவே இந்தக் குடாவைக் குத்தகைக்கு எடுத்தவர் முத்தின் மேல் மட்டுமன்றி மழையின் மேலும் பந்தயம் கட்டினார் என்பதே பொருந்தும். மழையில் சிப்பி மடியும் என்ற அச்சம், கிடைக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துவிடு என்ற அவசரத்துக்கும் இடம் கொடுக்கக்கூடியது.

கதிரும் வளர்ப்பு முத்தும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னாரும் குத்தகைப் பாதைக்குத் திரும்பியது. 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அந்த வெற்றியின் நிழலில், 1906-இல் இலங்கை முத்துக்குளிப்புக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்கள் விடப்பட்டன. 1907-க்குப் பின் பெருஞ்சலாபம் நடத்தப் போதிய சிப்பி தோன்றவில்லை. கம்பெனி நட்டத்தில் முடிந்தது. மூடிய கடலை இருபது ஆண்டுகளுக்கு ஒரே விலைக்கு வாங்கியவர்கள், ஆயிரம் சிப்பி வாங்கியவரைவிடப் பெரிய சூதாடினார்கள். தோற்றதும் பெரிதாகவே தோற்றார்கள்.

இதே காலத்தில் திறவாமலே பார்க்கும் கருவியும் வந்துவிட்டது. சிப்பியை எக்ஸ் கதிரின் முன் வைத்தால் உள்ளே இருக்கும் முத்து நிழலாகத் தெரியும் என்று பிரெஞ்சு அறிவியலாளர் ரஃபேல் துபுவா எடுத்துக்காட்டியிருந்தார். இலங்கையிலும் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. முத்தில்லாத சிப்பியை உயிரோடு கடலுக்குத் திருப்பிவிடலாம் என்பது அதன் நோக்கம். சிப்பியின் உயிருக்கு அது நல்லது. ஆனால் ஏலக் களத்தின் அடிப்படைக்கு அது உலை வைப்பது. கதிர்க் கருவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் பொதுவான அறியாமை கலைந்துவிடும்; எல்லாரிடமும் இருந்தால் திறவாத சிப்பி என்ற சரக்கே இல்லாமற்போகும்.

முடிவில் அந்தச் சரக்கை முடித்தது கதிரைவிட ஜப்பானின் வளர்ப்பு முத்து. மிக்கிமோட்டோ 1893-இல் அரைமுத்தையும், பின்னர் முழு உருண்டை முத்தையும் சிப்பிக்குள் கரு வைத்து வளர்த்தெடுக்க, 1921-இல் அவை ஐரோப்பியச் சந்தையில் இயற்கை முத்தோடு சேர்ந்து விற்பனைக்கு வந்தபோது பெருங்கலகம் மூண்டது. மேற்பூச்சு இரண்டிலும் ஒன்றே ஆதலால் கண்ணாலும் நிறையாலும் பிரித்தறிய முடியவில்லை. துளைக்குள் ஒளி செலுத்தும் கருவியும் எக்ஸ் கதிர் விலகலும் கொண்டு உட்கருவைக் கண்டறிய லண்டனிலும் பாரிசிலும் ஆய்வுக்கூடங்கள் தோன்றின. சிப்பியைத் திறந்தார்களா என்ற பழைய கேள்வி, முத்துக்குள் யார் எதை வைத்தார்கள் என்ற புதிய கேள்வியாக மாறியது. முன்பு ஓடு மூடிய பொருளாக இருந்தது. இப்போது முத்தே மூடிய பொருளாகிவிட்டது.

இன்றைய இணை

மூடிய பொருளின் இந்த இலக்கணம் முத்தோடு முடியவில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டு வீரர் படங்கள் கொண்ட அட்டைகள், சவ்வு மிட்டாயோடு மெழுகுத் தாளில் மடித்து, வெப்பத்தால் ஒட்டி, சில காசுக்குச் சிறுவர்களுக்கு விற்கப்பட்டன. 1952-ஆம் ஆண்டின் டாப்ஸ் நிறுவன வரிசையில் வந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனதிலிருந்து, பிரிக்கப்படாத பழைய உறைக்கு ஏன் பெருவிலை கேட்கிறார்கள் என்பது விளங்கும். ஆனால் மெழுகு இளகும். ஆகவே உறையை மெல்லப் பிரித்து, நல்ல அட்டையை எடுத்துவிட்டு, மலிந்ததை வைத்து, சூடுகாட்டி மீண்டும் ஒட்டுவோர் தோன்றினார்கள். அதைக் கண்டறிவோர் மெழுகு உருகிய தடத்தையும், தாளின் மடிப்புகளையும், மிட்டாய்க் கறை எந்த அட்டையில் எவ்வாறு படிந்தது என்பதையும், அந்த உறை யார் கையில் இருந்து வந்தது என்பதையும் பார்க்கிறார்கள். 2022-இல், திறவாத போகிமான் அட்டைப் பெட்டிகள் என்று நம்பி 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கப்பட்ட தொகுதி, திறந்தபோது வேறு அட்டைகளைக் கொண்டிருந்தது. அண்மை ஆண்டுகளில் சி.டி. ஸ்கேன் கருவியால் உறையைப் பிரிக்காமலே உள்ளே உள்ள அட்டையைப் படிக்க முடிகிறது. சிப்பிக்கு எக்ஸ் கதிர் செய்த அதே கலக்கத்தை அது அங்கே செய்துகொண்டிருக்கிறது.

மெழுகு உறையும் உயிருள்ள தசையும் ஒன்றல்ல. முன்னதைப் போலி செய்யலாம், பின்னதைச் செய்ய முடியாது. ஆனால் உயிருள்ள முத்திரை இருந்தும் மன்னாரில் கொட்டும் காவலும் மூன்று குவியலும் அன்றைக்கே ஏலமும் தேவைப்பட்டன என்பதிலிருந்து ஒன்று உறுதியாகிறது. மூடிய பொருளின் மெய்ம்மைக்கு முத்திரை பாதிச் சான்றே. கைமாறிய வழியை விடாமல் பார்த்திருந்த சாட்சியும், விற்பவரும் வாங்குபவரும் ஒரே அளவில் அறியாதிருப்பதும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும்.

மன்னாரின் கொட்டு இந்த மூன்றையும் ஒருங்கே கொண்டிருந்தது. சிப்பியின் வயதைப் பார்த்த மாதிரி எடுப்பும் அதனோடு இணைந்திருந்தது. தம்பலகாமத்துக் குடாவில் குத்தகைப் பணத்தைத் தவிர எதற்கும் சாட்சி வைக்கப்படவில்லை. ஓட்டுக்குள் இருப்பதை யாரும் திருடிவிடக் கூடாது என்று காவல் வைத்தவர்கள், குடாவுக்குள் இருப்பதை மூன்றே ஆண்டுகளில் ஒருவர் அள்ளிவிடக் கூடாது என்று காவல் வைக்கவில்லை. 2009-இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் மேல் இன்று பயணம் போவோர், முன்பு 'பாதை' என்ற மிதவையில் கடந்த அதே நீரைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். ஒரு கோடியே எண்பது லட்சம் சிப்பி எடுக்கப்பட்ட குடா அதற்கப்பால் கிடக்கிறது.